வற்றவிடாத மாட்டின் சீம்பால்

மடவளையில் றம்லத் வளர்க்கும் மாடுகள் நான்கும் இரசாயனம் படாத புல்லையே உண்பவை. கண்டியில் அவரிடம் பால் வாங்குவோர் அதற்காகவே வாங்குகின்றனர். நோய்க்கு முன்னரே மருந்தேற்றி வைக்கும் வழக்கம் அங்கே இல்லை. ஆகையால், பிறந்தவுடன் குடிக்கும் சீம்பாலே கன்றுக்குக் காவல். சென்ற ஆண்டு ஒரு கன்று கழிச்சலில் இறந்தபின், அவர் சிறு குழாய் போன்ற கருவியொன்றை வாங்கினார். அதில் ஒரு துளி பாலை விட்டு வெளிச்சத்திற் பார்த்தால், சத்துப் போதுமா என்பதை ஒரு கோடு காட்டும்.

நோன்புப் பெருநாள் முடிந்த வாரத்தில், விடியற்காலைச் சுபஹுத் தொழுகைக்குப் பின், மூத்த மாடு பெண்கன்று ஒன்றை ஈன்றது. இதுவே கடைசி ஈற்று, இனி அது சினைப்படாது என்று வைத்தியர் முன்னரே சொல்லியிருந்தார். றம்லத் கறந்து பார்த்தார். கோடு மிகத் தாழ்ந்து நின்றது.

“தண்ணி மாதிரி ஈக்கி.”

கணவர் ஹபீல் எட்டிப் பார்த்தார். “நோம்புக் கஞ்சிக்குப் பாலில்லாட்டி மடவளையே பட்டினி கெடக்குமா எண்டு அப்பவே கேட்டன்.”

அவர் சொன்னது பொய்யன்று. ஈனுவதற்கு இரண்டு மாதம் முன்பே கறவையை நிறுத்தி மடியை வற்றவிட வேண்டும். நோன்பு காலத்தில் பாத்திரத்தோடு வந்த அயலாரிடம் இல்லையென்று சொல்ல றம்லத்துக்கு வாய் வரவில்லை. சீம்பாலுக்கென மடியில் ஊறவேண்டியது ஊரார் கஞ்சியிற் போயிற்று.

பன்விலத் தேயிலைத் தோட்டத்துக் கறுப்பையாவின் மாடு முதல்நாள் மாலை ஈன்றிருந்தது. றம்லத் அவரைத் தொலைபேசியில் அழைத்தார்.

“அண்ணே, சீம்பால் மீதி ஈக்கியா?”

“காய்ச்சி லயத்து வீட்டுக்கெல்லாம் குடுத்துட்டோம், தங்கச்சி. சட்டியில கொஞ்சம் இருக்கு, வேணுமா?”

“காய்ச்சினது சரிவராது. சூடு பட்டா அதுல உள்ள காவல் போயிரும்.”

“பச்சையா ஒரு செம்பு இருக்கு. மாடசாமிக்கு எடுத்து வச்சது.”

“சாமிக்கு வச்சதுல கைவைக்காதீங்க,” என்று அவர் மனைவியின் குரல் பின்னாற் கேட்டது.

பிறர் காணிக்கையைத் தா என்று றம்லத் எப்படிக் கேட்பார்?

“கன்னு பொட்டையா?” என்றார் கறுப்பையா.

“ஓ, அண்ணே. பொட்டதான்.”

“ஹபீல் தம்பிய அனுப்புங்க. சாமிக்கு நாளைக்கிக் கறந்து வைக்கிறேன். கோவிச்சா என்னையத்தான கோவிக்கும்.”

ஹபீலின் முச்சக்கரவண்டி புறப்பட்டது. நேரம் செல்லச் செல்ல, காவற்சத்தை உறிஞ்சும் வலுவைக் கன்றின் குடல் இழந்துவிடும். அதற்காக மெலிந்த பாலால் வயிற்றை நிரப்பிவிட்டால் கெட்டியானதற்கு இடமிராது. றம்லத் கன்றைத் தாயிடமிருந்து பிரித்துக் கட்டினார். தாய் கத்தியது. கன்று அவர் விரலைச் சப்பியது. வெயில் ஏறியபோது சப்புவதையும் நிறுத்தியது. அவர் வைக்கோலால் அதன் உடலைத் தேய்த்துக்கொண்டே வீதியைப் பார்த்தார்.

“வத்தேகமையில பாதைய வெட்டிப் போட்டிருக்காங்க,” என்றபடி ஹபீல் செம்போடு இறங்கினார்.

றம்லத் கருவியில் ஒரு துளி விட்டுப் பார்த்தார். கோடு உயர்ந்து நின்றது. செம்பை வெந்நீரில் அமர்த்தி இளஞ்சூடாக்கிப் போத்தலில் ஊற்றினார். கன்று வாய் திறக்கவில்லை. விரலால் நாக்கைத் தடவித் தடவி, போத்தலின் சூப்பியை நுழைத்தார். முதல் மடக்கு வெளியே வழிந்தது. அடுத்ததும் வழிந்தது. பின்னர் தொண்டை அசைந்தது.

“பொழைக்குமா?” என்றார் ஹபீல்.

“இந்தக் கிழம கழியட்டும்.”

அந்தக் கிழமை முழுவதும், விடியுமுன் தொழுவத்து விளக்கைப் போட்டதும், கழிச்சல் கண்டதா என்று றம்லத் முதலிற் பார்த்தது கன்றின் வாலடியையே. அது உலர்ந்தே இருந்தது.