மைக்கிலிருந்து மெடிக்கலுக்கு

ஒரகடத்தில் நான் வேலை பார்த்த கம்பெனியில் ஷிஃப்ட் தொடங்கும் முன் தினமும் ஒரு சடங்கு நடக்கும். உற்பத்தி லைன் ஆட்கள் எல்லோரும் வரிசையாக நிற்க, ஒருவர் முன்னால் போய் மைக்கில் பாதுகாப்பு உறுதிமொழி சொல்ல வேண்டும். மற்றவர்கள் கையை நீட்டித் திருப்பிச் சொல்வார்கள். பிறகு, முந்தைய நாள் மயிரிழையில் தவிர்ந்த விபத்து ஒன்றை அவரே விவரிக்க வேண்டும். யார் முறை என்பதை சூப்பர்வைசர் அந்த நிமிடத்தில்தான் அறிவிப்பார்.

எனக்குக் கூட்டத்தின் முன்னால் பேசுவதென்றாலே பயம். சிவகங்கைப் பக்கத்திலிருந்து வந்து, ஸ்ரீபெரும்புதூர் ஹாஸ்டலில் தங்கி, காய்ச்சலோடும் வேலைக்குப் போனவள் நான். பயிற்சிக் காலம் முடிந்திருந்தது. பர்மனன்ட் ஆக மெடிக்கல் டெஸ்ட் மட்டும்தான் பாக்கி. என் போதாத காலம், மெடிக்கல் அன்றைக்கே என்னை மைக்குக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்.

மைக்கைப் பிடித்ததும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. நெஞ்சடிப்பு மைக்கிலேயே கேட்டுவிடுமோ என்று பயந்தேன்.

"இன்னாமா, வாயில கொழுக்கட்டையா வச்சினுகிற? சத்தமா சொல்லு" என்றார் சூப்பர்வைசர். வரிசை சிரித்தது. எதையோ உளறி முடித்தேன். முடித்த கையோடு மெடிக்கலுக்காக முதலுதவி அறைக்கு விரட்டினார்கள்.

நர்ஸ் அக்கா கையில் பட்டையைச் சுற்றிப் பார்த்துவிட்டு முகம் சுளித்தார். "பிரஷர் எகிறிக் கெடக்கு. மைக்குல பேசிட்டு நேரா வர்றியா?"

தலையாட்டினேன்.

"அதான். பயந்தா உடம்புல அட்ரினலின் சுரக்கும், பிரஷர் எகிறும். கார்ட்டிசால்னு இன்னொன்னு இருக்கு. அது மெதுவா ஏறும், நீ பேசி முடிச்சப்புறம்தான் உச்சிக்குப் போவும். இறங்க நேரமாவும். இது வியாதி இல்லம்மா. கொஞ்ச நேரம் சும்மா உட்காரு, திரும்பப் பார்க்கலாம்."

உட்காரவிட்டால்தானே? வாசலிலிருந்தே சூப்பர்வைசர் கத்தினார்: "லைன் நிக்குது சிஸ்டர், வந்த நம்பரப் போட்டு அனுப்பு." வந்த நம்பரைப் போட்டு அனுப்பினார் அக்கா. பாவம், அவரும் கான்ட்ராக்ட்தான்.

அடுத்த வாரம் எச்.ஆர். கூப்பிட்டது. நீள மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். "உனக்கு பிரஷர் இருக்கும்மா. மெஷின்ல நிக்க வைக்க முடியாது. ஏதாவது சொல்லணுமா?"

சொல்ல இருந்தது. இன்னொரு முறை பாருங்கள் சார், அன்றைக்கு மைக்கில் பேசிவிட்டு வந்தேன் சார். கம்பெனி பஸ்ஸில் வாய்க்குள்ளேயே சொல்லிச் சொல்லிப் பார்த்த வார்த்தைகள். ஆறு கண்களும் என்மேல் திரும்பின. மறுபடி அதே நெஞ்சடிப்பு, அதே வறண்ட நாக்கு. என் உடம்பை நானே பிடித்து உலுக்க வேண்டும் போல அத்தனை ஆத்திரம் வந்தது.

"சொல்லும்மா" என்றார் நடுவில் இருந்தவர், நிஜமாகவே பொறுமையாக.

"தேங்க் யூ சார்" என்றேன். ஐ.டி. கார்டை வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள்.