வடக்குச் சுவரை வெளுத்தேன்

மழைக்காலம் முடிந்தபோது எங்கள் வீட்டு வடக்குச் சுவர் முழுக்கப் பச்சைப் பாசி. கொழுந்தனார் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சும் பிரஷர் மெஷின் கொண்டுவந்து ஒரு மூலையில் அடித்தார். உப்பளக் காற்றில் பொரிந்திருந்த பூச்சு பாசியோடு பெயர்ந்து விழுந்தது.

“நிறுத்துங்க! மீதியை நான் பாத்துக்கறேன்.”

“கையாலயா அண்ணி? நடக்கிற காரியமா?” என்று சிரித்தார்.

ப்ளீச்சிங் பவுடரைக் கரைத்துத் தெளியவைத்து, செடிக்கு மருந்தடிக்கும் ஸ்பிரேயரில் ஊற்றிப் பூவாகத் தெளித்தேன். பாசி வெளுத்ததும் மெத்தென்ற பிரஷால் தேய்த்து, ஓஸ் பைப்பில் தண்ணீரை வழியவிட்டேன். ஒரு சில்லுகூட உதிரவில்லை.

சாயங்காலம் துபாயிலிருந்து வீடியோ காலில் வந்த கணவர் சுவரைப் பார்த்துவிட்டு, “பெயிண்ட் அடிச்சிட்டியா?” என்றார்.

கொழுந்தனார் முந்திக்கொண்டார். “அண்ணியே கழுவிட்டாங்கண்ணே! தெருவே வந்து பாத்துட்டுப் போவுது.”

தோள் வலித்தது. ஆனாலும் போனைத் தூக்கிப் பிடித்து, சுவரை இன்னொரு முறை முழுசாகக் காட்டினேன்.