கரி பஸ் செங்கல்வராயன்

கிழக்கு வெளுக்கும்போதே பஸ்ஸின் முதுகில் பொருத்திய அடுப்பைக் கிளறிக்கொண்டிருக்கிறார் செங்கல்வராயன். ஈரத்துண்டு மூக்கையும் வாயையும் மூடியிருக்கிறது. அடுப்புக்குக் காற்றூதும் காற்றாடியின் கைப்பிடியைச் சுற்றியபடியே அடுப்போடு பேசுகிறார். “ஏந்திரும்மே. ஊர்ல அல்லாரும் ஏந்துட்டாங்க.”

பர்மாவை ஜப்பான்காரன் பிடித்ததிலிருந்து அங்கிருந்து எண்ணெயும் வருவதில்லை, அரிசியும் வருவதில்லை. இருக்கிற பெட்ரோல் ஆவடிப் பட்டாளத்து லாரிகளுக்கே போகிறது. பூந்தமல்லிக்கும் ஆவடிக்கும் ஓடும் இந்த பஸ்ஸைக் கரிப்புகையில் ஓட்டச் சொல்லி சர்க்கார் உத்தரவு. “ரங்கூன் எந்தப் பக்கம்னு தெரியாது. இப்ப நம்ம ஊட்டு அடுப்பாண்ட வந்து குந்திகினு கீது” என்பார்.

மேடு வந்தால், தன் பாரமாவது குறையட்டும் என்பதுபோல, ஆசனத்தை விட்டு எழும்பி நின்றே ஓட்டுவார்.

போன ஐப்பசி மழையில் கரி நனைந்துவிட்டது. பூந்தமல்லிக்கு வரும் வழியில், பருத்திப்பட்டு ஏரிக்கரை மேட்டில் வண்டி நின்றது. உள்ளே முனியம்மா என்ற பெண் பிரசவ வலியில் துடித்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரி இன்னும் தூரம். பிரயாணிகள் இறங்கித் தள்ளினார்கள். சக்கரம் சேற்றில் வழுக்கியது. எதிரே ஆவடிக்குப் போகும் பட்டாள லாரி ஒன்று வந்தது. செங்கல்வராயன் நடுரோட்டில் கைகளை விரித்து நின்றார்.

“உள்ள வந்து பாரு நைனா!”

லாரியோட்டி வடக்கத்திச் சிப்பாய். தமிழ் தெரியாது, அந்த அலறல் புரிந்தது. ஒரு டின் பெட்ரோலை இறக்கிக் கொடுத்தான். பட்டாளத்துப் பெட்ரோலை வாங்குவது யுத்தகாலக் குற்றம் என்று செங்கல்வராயனுக்குத் தெரியும். வாங்கி, சும்மா கிடந்த பெட்ரோல் டாங்கியில் ஊற்றினார். வண்டி மேடேறியது. ஆஸ்பத்திரியில் தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள்.

யாரோ மொட்டைக் கடுதாசி போட்டுவிட்டார்கள். “எந்த லாரி? நம்பர் என்ன?” என்று அதிகாரி கேட்டார்.

“மழை சாமி. கண்ணு தெரியல.”

“சட்டம் தெரியாதா?”

“தெரியும் சாமி. பெட்ரோலுக்குப் பதிலா சர்க்கார் கரிய குட்த்துச்சு. அந்தப் பொண்ணு செத்துப் பூட்டிருந்தா, பதிலுக்கு இன்னா குட்த்திருக்கும்?”

மூன்று மாதத்துக்கு லைசென்ஸைப் பறித்தார்கள். அதுவரை ஆவடியில் பட்டாளத்துக்கு மூட்டை தூக்கினார். சிப்பாயைப் பற்றி வாய் திறக்கவேயில்லை.

போன வாரம்தான் மறுபடி வண்டியைத் தொட்டார். முதல் நடையிலேயே முனியம்மா ஏறினாள். “எடுத்துக்க அண்ணாத்தே” என்று குழந்தையை நீட்டினாள்.

அவர் தன் கைகளைப் பார்த்தார். விரல் இடுக்கெல்லாம் கரி. இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்தார். குழந்தையின் பிஞ்சு விரல்களுக்கு எட்டும்படி முகத்தை நீட்டினார்.