உப்பில் ஓடிய ஸ்கூட்டர்

திண்டிவனம் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் சோடியம் பேட்டரி ஆராய்ச்சி செய்கிறேன். காலையில் விழுப்புரத்திலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே போவேன்; மாலையில் அதே மரியாதையோடு திரும்புவேன்.

பேட்டரியின் நேர்மின்முனையில் வைக்கும் கருப்புத் தூளைக் கெடாமல் பார்த்துக்கொள்வது என் வேலை. அந்தத் தூளில் அணுக்கள் அடுக்கடுக்காக இருக்கும். சார்ஜ் ஏறும்போது இடையிலிருந்து சோடியம் வெளியேறும், இறங்கும்போது திரும்பி வரும். இப்படிப் போய் வந்து போய் வந்து அடுக்குகள் நழுவி, தூளே விரிசல் விட்டுவிடும். கொஞ்சம் மக்னீசியம் கலந்தால் அடுக்குகள் நிலையாக நிற்கும் என்பது என் பேராசிரியையின் நம்பிக்கை. என்னுடையதும் அதுதான், வேறு நம்பிக்கை வைத்துக்கொள்ள எனக்கு அனுமதியில்லை.

ஒருநாள் கல்லூரித் தாளாளர் ஆய்வகத்துக்கு வந்தார். சட்டைப் பொத்தானைவிடச் சற்றே பெரிய எங்கள் செல், ஒரு குட்டி சிவப்பு விளக்கை எரித்துக்கொண்டிருந்தது.

"இதுக்குள்ள இன்னாம்மா கீது?"

"சோடியம் சார். உப்புல இருக்குமே, அது."

அவருக்கு அது போதும். மறுவாரம் வாசலில் பேனர் நின்றது: 'உலகிலேயே முதன்முறையாக உப்பில் ஓடும் ஸ்கூட்டர்!' தாளாளர் படம் பெரிதாக இருந்தது, ஸ்கூட்டர் சிறிதாக. பேராசிரியைக்கும் எனக்கும் இடம் போதவில்லை போலும்.

பேராசிரியை தாளாளர் அறைக்கே போனார். நானும் பின்னால் போனேன்.

"சார், இந்த செல்லுல எறும்புகூட ஊர்கோலம் போவ முடியாதுங்க."

"பேஜாரு பண்ணாதீங்க மேடம். சீஃப் கெஸ்ட்டு வர்றேன்னுட்டாரு. ஜல்தியா ஒரு செல்ல குடுங்க, வண்டிய நான் பாத்துக்கறேன்."

மக்னீசியம் கலக்காத பழைய தூளில் செய்து, ஆயுள் முடிந்துபோன செல் ஒன்றைக் கொடுத்தோம். கடையில் வாங்கிய மின்சார ஸ்கூட்டரின் கைப்பிடியில் அதை டேப் போட்டு ஒட்டி, மாலையும் போட்டார்கள். விழாவில் சிறப்பு விருந்தினர் அதில் ஏறி மைதானத்தைச் சுற்றி வந்தார். கைதட்டல் அடங்கியதும் ஒரு நிருபர் என்னிடம் வந்தார்.

"எவ்ளோ உப்பு போடணும் மேடம்?"

"போட வேணாங்க. இது கடையில வாங்குன வண்டியோட பேட்டரியிலதான் ஓடுது. எங்க செல்லு சும்மா ஒட்டிக்கினு இருக்குது."

அவர் சிரித்தார். "ரொம்ப தன்னடக்கம் மேடம் உங்களுக்கு!" மறுநாள் செய்தியிலும் அப்படியே வந்தது. உண்மையைச் சொல்லிப் பாராட்டு வாங்கியது எனக்கு அதுதான் முதல்முறை.

விழா முடிந்த மாலை ஆய்வகத்துக்குத் திரும்பினோம். மக்னீசியம் கலந்த செல் சோதனைக் கருவியில் ஓடிக்கொண்டிருந்தது. பழைய தூளாக இருந்தால், செல் பிடித்துவைக்கும் மின்சாரத்தைக் காட்டும் கோடு திரையில் எப்போதோ சரிந்திருக்கும். இது படுத்த மாதிரி நேராகப் போய்க்கொண்டிருந்தது. அந்த வாரமே செல்லைப் பிரித்து, தூளை எக்ஸ்ரேயில் வைத்துப் பார்த்தோம். அடுக்குகள் இருந்த இடத்திலேயே இருந்தன.

யாரையும் லேசில் பாராட்டாத பேராசிரியை, "நிக்குதும்மா," என்றார். அன்று மாலை கேன்டீனில் இருவரும் அவித்த மல்லாட்டையை உரித்துக் கடலையைத் தின்றபடி உட்கார்ந்திருந்தோம். என் பஸ் போய்விட்டது. போகட்டும் என்று இன்னொரு டீ சொன்னேன்.