பதினோரு சரிங்க

ஆளைப் பார்க்காமல் குரலை மட்டும் கேட்டு மார்க் போடுவது என் உத்தியோகம். கோவையில் சரவணம்பட்டிப் பக்கம் ஒரு கால் சென்டரில் பதினாறு வருஷமாக அதைத்தான் செய்கிறேன். இங்கிலாந்தில் யார் வீட்டு ஃபிரிட்ஜாவது வாஷிங் மெஷினாவது மக்கர் செய்தால், அவர்கள் கூப்பிடும் போன் இங்கே வந்து விழும். எங்கள் ஆட்கள் பேசி, அங்கே மெக்கானிக் போக ஏற்பாடு செய்வார்கள். மறுநாள் அந்தப் பதிவை நான் கேட்டு, பேசியவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, எங்கே தப்பு என்று சொல்வேன். உக்கடத்துக்காரன், பெயர் ஷாஹுல். முன்கோபி என்று ஆபீஸில் சொல்வார்கள். சொல்லட்டும்.

மோகனப்பிரியா சோமனூரிலிருந்து வருகிறவள். எங்களிடம் சேர்ந்து ஆறு வருஷம் ஆகிறது, வயது முப்பத்தாறு. அரசுப் பள்ளியில் தமிழில் படித்துவிட்டு, அடம்பிடித்து எம்.ஏ. ஆங்கிலம் முடித்தவள். எங்கள் மேனேஜர் எழுதும் மெயில்களில் பிழை திருத்துவதும் அவள்தான். முதலில் ஒரு தனியார் பள்ளிக்கு டீச்சர் வேலை கேட்டுப் போயிருக்கிறாள். “உங்க இங்கிலீசு நம்மூருத் தமிழாட்டவே இருக்குதுங்களே அம்மணி” என்று தாளாளர் அனுப்பிவிட்டார். அவர் மட்டும் லண்டனில் பிறந்தவரா என்ன?

கணவர் இறந்தபிறகு, மகள் வர்ஷினியோடு அண்ணன் வீட்டில் இருக்கிறாள். “இந்த வேல இருக்கற வரைக்குந்தானுங்ணா அந்த ஊட்டுல என்ற பேச்சு எடுபடும்” என்று ஒருமுறை சொன்னாள்.

அவள் குரல் கொஞ்சம் உரத்த குரல். அதற்குக் காரணம் உண்டு. வீட்டை ஒட்டித் தறிக்குடோன், எட்டு விசைத்தறி. அந்தச் சத்தத்துக்கு மேலே பேசித்தான் அந்த வீட்டில் சோறு கேட்க வேண்டும், சண்டை போட வேண்டும், தூங்கச் சொல்ல வேண்டும். இங்கிலாந்துக்காரர்களுக்கு இது தெரியுமா? “ஏன் என்னைத் திட்டுகிறாய்?” என்று கேட்பார்கள். அவள் பதறிப்போய்க் குரலை இறக்குவாள். உடனே “வாய்க்குள்ளேயே பேசாதே” என்பார்கள்.

எங்கள் தொழிலில் எம்டிஐ என்று ஒரு குறை உண்டு. பேசும் ஆங்கிலத்தில் தாய்மொழி வாடை அடிப்பதற்கு அந்தப் பெயர். சிலருக்குச் சர்க்கரை இருக்கிறது என்பதுபோல, இவளுக்கு எம்டிஐ இருக்கிறது என்று பேசிக்கொள்வோம். மார்க் தாளில் அதற்கென்று ஒரு கட்டம் உண்டு. மோகனாவுக்கு அந்தக் கட்டத்தில் ஆறு வருஷமாகக் குறைத்துப் போட்டவன் நான்தான். அந்தப் பாவத்தில் எனக்குப் பங்கு இல்லை என்று சொல்லமாட்டேன்.

கேட்கிறவர்களுக்கு வாடை கிடையாதா? நடு எழுத்தை விழுங்குவார்கள், கடைசி எழுத்தை மென்றுவிடுவார்கள். ஸ்காட்லாந்துக்காரர் ஒருவர் சொன்ன வீட்டு எண்ணை நான் நாலு தடவை ஓட்டிக் கேட்டும் பிடிபடவில்லை. மோகனா முதல் தடவையிலேயே எழுதியிருந்தாள். அவர்கள் பேசுவது புரியவேண்டியது எங்கள் கடமை. நாங்கள் பேசுவது புரியவேண்டியதும் எங்கள் கடமையேதான்.

போன் பேசியவர் வைத்தபின் ஒன்றிலிருந்து ஐந்து வரை மதிப்பெண் போடுவார்கள். ஆறு மாதச் சராசரி நாலுக்குக் கீழே போனால் சீட்டு காலி. மோகனா மூன்றரையில் தள்ளாடிக்கொண்டிருந்தாள். அந்தச் சமயத்தில்தான் மிஸஸ் ஹார்க்ரீவ் கூப்பிட்டார்.

எழுபத்தெட்டு வயது, தனியாக இருக்கும் அம்மாள். ஃபிரிட்ஜ் நின்றுவிட்டது, உள்ளே கண்ணுக்கு ஊற்றும் சொட்டு மருந்து இருக்கிறது. வழக்கமாக மெக்கானிக் போக நாலு நாள் ஆகும். மோகனா நாலு இடத்தில் கெஞ்சி, மறுநாள் காலை எட்டு மணிக்கே ஆள் போக ஏற்பாடு செய்தாள். அதுவரை மருந்தைப் பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜில் வைக்கச் சொன்னாள். பதிவைக் கேட்டு எனக்கே பெருமையாக இருந்தது.

அந்த அம்மாள் போட்டது ஒன்று. கூடவே புகாரும் எழுதியிருந்தார். அந்தப் பெண் பேசிய ஒரு வார்த்தையும் புரியவில்லை, கத்தினாள், தப்பு உங்கள் கம்பெனியுடையது என்று அவளே ஒப்புக்கொண்டு பதினோரு தடவை ‘சாரி’ கேட்டாள், மன்னிப்பு மட்டும் கேட்டுவிட்டு ஒன்றும் செய்யவில்லை என்று.

மோகனா ஒரு இடத்தில்கூடச் சாரி சொல்லவில்லை. மறுபடி ஓட்டிக் கேட்டேன். அப்போதுதான் பிடிபட்டது. அந்த அம்மாள் புலம்பப் புலம்ப, மோகனா மூச்சோடு மூச்சாக “சரிங்க… சரிங்க…” என்று கேட்டுக்கொண்டிருந்தாள். எங்கள் பக்கத்தில் யார் கஷ்டம் சொன்னாலும் சும்மா கேட்கமாட்டோம். சரிங்க, சரிங்க என்று கூடவே வந்துகொண்டிருப்போம். எண்ணிப் பார்த்தேன், சரியாகப் பதினொன்று. போனில் கடைசி ‘ங்க’ தேய்ந்து, மரியாதை மன்னிப்பாகிவிட்டது.

ஒரு வார்த்தையும் புரியாதவர் மறுநாள் காலை எட்டு மணிக்கு எப்படிக் கதவைத் திறந்து வைத்திருந்தார்? மருந்து எப்படிப் பக்கத்து வீட்டுக்குப் போனது? அந்த வாரம் இங்கிலாந்துக் கம்பெனியின் மேனேஜர் அம்மையாரோடு வீடியோ கூட்டம். இதையெல்லாம் எடுத்துவைத்தேன். மோகனா போனை விட்டுச் சாட்டில் எழுதிப் பதில் சொல்லும் நாட்களில், ‘பிரியா’ என்ற பெயரில், அதே ஆட்களிடம் நாலு புள்ளி எட்டு வாங்குகிறாள். வாயைத் திறந்தால் மூன்றரை. இங்கிலீஷ் ஒன்று, ஆள் ஒன்று, மதிப்பெண் மட்டும் எப்படி இரண்டு?

அந்த அம்மையார் பொறுமையாகக் கேட்டார். “எங்கள் வாடிக்கையாளர்களுக்கு யார்மேலும் வெறுப்பில்லை. அவர்களுக்குப் புரிய வேண்டும், அவ்வளவுதான்” என்றார். பிறகு சிரித்துக்கொண்டே, “உங்கள் ஆங்கிலம் ரொம்ப நன்றாக இருக்கிறது. கடைசியில் சொன்னதை மட்டும் கொஞ்சம் மெதுவாகச் சொல்லமுடியுமா?” என்றார். மூக்கறுபட்டு எழுந்து வந்தேன்.

மோகனாவுக்குக் கடைசி எச்சரிக்கை வந்தது. மார்ச் முடிவதற்குள் நாலு வரவேண்டும். அதற்கு உதவியாக ஒரு மென்பொருளும் வந்தது. நாம் இங்கே எப்படிப் பேசினாலும் அங்கே வெள்ளைக்காரப் பெண் பேசுவதுபோல மாற்றிக் கொடுக்கும். ஆபீஸில் அதற்கு ‘வெள்ளைக்காரி’ என்றே பெயர் வைத்தோம். “வெள்ளக்காரியப் போட்டாச்சுங்களா?” என்று கேட்டுக்கொண்டுதான் ஷிஃப்ட் ஆரம்பிக்கும்.

பேசுகிறவருக்குத் தன் குரல்தான் கேட்கும், பதிவில்தான் வெள்ளைக்காரியின் குரல். முதல் பதிவை ஓட்டியபோது மோகனா என் முகத்தைப் பார்த்தாள்.

“இது யாருங்ணா?”

“நீதான் அம்மணி.”

கொஞ்ச நேரம் கேட்டாள். “நல்லாத்தான் பேசறா” என்றாள்.

வெள்ளைக்காரிக்கும் ஒரு குறை இருந்தது. ‘சரிங்க’ என்று ஒரு வார்த்தை அவளுக்குத் தெரியாது. அதையும் ஆங்கிலம் என்று நினைத்து, முன்னைவிடத் தெளிவாக, அழகாக ‘சாரி’ என்றாள். ஆக, மோகனா அதை விட்டாக வேண்டும். மஞ்சள் ஒட்டுச்சீட்டில் ‘சரி வேண்டாம், ங்க வேண்டாம்’ என்று எழுதி அவள் திரையில் ஒட்டியது நான்தான்.

“பேசறதுக்கு முன்னாடி நாக்கக் கடிச்சுக்கறேனுங்ணா. அப்படியும் வந்துபோடுது” என்றாள். ஒருநாள் அவள் அண்ணன் ஏதோ கேட்டதற்கு ‘ங்க’ போடாமல் பதில் சொல்லிவிட்டாளாம். “சம்பாதிக்கற திமிரு” என்று அண்ணன் இரண்டு நாள் பேசவில்லையாம். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மதிப்பெண் ஏறியது. அதே மோகனா, அதே பதில்கள், நாலரையும் ஐந்துமாக விழுந்தது. மார்ச் கடைசி நாள், இன்னும் ஒரே ஒரு ஐந்து விழுந்தால் நாலு. விழாவிட்டால் சீட்டு இல்லை. ஐம்பது பேர் உட்கார்ந்திருக்கும் இடத்தில் கடைசி போன் அவளுக்கு வந்தது. கூப்பிட்டவர் மிஸஸ் ஹார்க்ரீவ்.

மறுநாள் மத்தியானம் அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்தப் பதிவை ஓட்டினேன். ஃபிரிட்ஜ் கதவு ரப்பர் பிய்ந்துவிட்டது, சின்ன வேலைதான். நாள் குறித்துக் கொடுத்தாள். அந்த அம்மாளுக்கு ஒரே சந்தோஷம்.

“அப்பாடா, கடைசியில் நம்ம ஆள் ஒருத்தி கிடைத்தாயே கண்ணே” என்றார். “போன தடவை அந்த இந்தியப் பெண் ஒருத்தி. என்ன சொன்னாள் என்று கடவுளுக்குத்தான் தெரியும். கத்தல் வேறு. அவர்களையெல்லாம் எதற்குத்தான் வேலைக்கு வைக்கிறார்களோ.”

நான் ஒலியைக் கூட்டினேன். நாலு விநாடி, ஐந்து விநாடி. பிறகு, ஒரு கஷ்டத்தைக் கேட்டால் எங்கள் ஊர் வாயில் தானாக வருமே, அது மோகனாவுக்கும் வந்துவிட்டது.

“சாரி” என்றாள் வெள்ளைக்காரி, பளிங்குபோல.

“ஐயோ, நீ எதற்குச் சாரி சொல்கிறாய்? அவள் செய்ததற்கு நீ என்ன பண்ணுவாய்?” என்று அந்த அம்மாள் அவளைத் தேற்றினார். வைத்ததும் ஐந்து போட்டிருந்தார். ‘அருமையான பெண், ஒவ்வொரு வார்த்தையும் புரிந்தது’ என்றும் எழுதியிருந்தார்.

பதிவு முடிந்தது. ஹெட்செட்டைக் கழற்றி வைத்தேன். இத்தனை வருஷத்தில் எத்தனையோ பேரை அழவைத்து அனுப்பிய அறை அது. மார்க் தாளில் எம்டிஐ கட்டம் முன்னால் கிடந்தது. முழு மதிப்பெண் போட்டேன். ஆறு வருஷத்தில் முதல் முறை. அது யாருக்குப் போட்டது என்று எனக்கே தெரியவில்லை.

“சீட்டு தப்பிச்சுது அம்மணி. சராசரி நாலு வந்துருச்சு. இனிப் பயமில்ல” என்றேன்.

மோகனா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாக்கைக் கடித்துக்கொண்டதுபோலத் தெரிந்தது. எழுந்து நாற்காலியைச் சத்தமில்லாமல் உள்ளே தள்ளினாள்.

“சரி” என்றாள்.

என்னிடம் அவள் ‘ங்க’ போடாமல் பேசியது அதுதான் முதல் தடவை.