ஒன்பதா, பத்தா

எங்கள் ஜெகதாப்பட்டினத்து விசைப்படகு ஒன்று ஐரோப்பாவில் ஏதோ கோதுமை வயலின் நடுவே வலை இறக்கிக்கொண்டிருப்பதை நான் கம்ப்யூட்டர் திரையில் பார்த்திருக்கிறேன். ஒன்று மட்டுமில்லை, ஒரு கூட்டமே அங்கே நின்றது. முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் எரிச்சல் வந்தது, ஏனென்றால் அதைச் சரிசெய்ய வேண்டியவள் நான்.

எனக்குப் பிறந்த ஊர் ஆவூர்ப் பக்கம். அங்கே கடல் என்பது வேளாங்கண்ணிக்குப் போகும்போது மட்டும் பார்ப்பது. கணவருக்கு இந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் வேலை அமைந்ததால் இங்கே குடிவந்தோம். சென்னையில் இருக்கும் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்துக்கு மாடி வீட்டில் உட்கார்ந்தபடியே வேலை பார்க்கிறேன். கீழ் வீட்டில் ஒரு படகு டிரைவரின் குடும்பம். அவர் மனைவி என்னைவிட வயதில் நன்றாக இளையவள். என்னை அக்கா என்பாள், என் வேலையைப் பற்றிக் கேட்பவர்களிடம் "கம்ப்யூட்டர்ல கணக்குப் பாக்குறாங்க" என்று சொல்லிவைப்பாள். அதில் பெரிய தப்பும் இல்லை.

யாரிடம் என்ன தகவல் இருந்தாலும் எந்த வடிவத்தில் வேண்டுமானாலும் அனுப்பலாம், அதை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்து தருவோம் என்பதுதான் எங்கள் நிறுவனத்தின் விளம்பரம். 'எந்த வடிவத்தில் வேண்டுமானாலும்' என்று எழுதியவர் விற்பனைப் பிரிவில் ஏசி அறையில் இருக்கிறார். அந்த வடிவங்களோடு மல்லுக்கட்டுவது நான். குடுமியான்மலைப் பக்கத்தில் பால் சேகரிக்கும் ஒருவர் தேதி என்கிற கட்டத்தில் 'பிரதோஷத்துக்கு மறுநாள்' என்று அனுப்பியிருந்தார். நார்த்தாமலையிலிருந்து ஒரு ஜல்லி வியாபாரி எடை என்கிற கட்டத்தில் 'லோடு நெறைய' என்று எழுதியிருந்தார். இவர்கள் யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. தங்களுக்குள் பேசிக்கொள்வதையே எங்களுக்கும் அனுப்புகிறார்கள். கம்ப்யூட்டருக்குத்தான் ஊர் உறவு கிடையாது.

படகு விஷயமும் அப்படித்தான். இந்த ஊர்ப் படகு உரிமையாளர்கள் சிலர், கடலில் தங்கள் படகு எங்கே நிற்கிறது என்று செல்போனில் ஒரு வரைபடத்தில் பார்க்க வேண்டும் என்றார்கள். ஆழத்துக்குப் போய்விட்டால் செல்போன் சிக்னல் கிடையாது. படகிலிருந்து வாக்கிடாக்கியில் இடத்தைச் சொல்வார்கள், கரையில் இருக்கும் கணக்குப்பிள்ளை காதில் விழுந்ததைச் செயலியில் அடிப்பார். எங்கள் தளம் அதை ஒரு புள்ளியாக்கி வரைபடத்தில் வைக்கும். நடுவே இந்தியக் கடலையும் இலங்கைக் கடலையும் பிரிக்கும் சிவப்புக் கோடு ஒன்றும் இருக்கும். கேட்பதற்குச் சுலபமாகத்தான் இருந்தது.

ஆனால் இந்தக் கடலில் யாரும் இடத்தை முழுதாகச் சொல்வதில்லை. ஜிபிஎஸ் கருவி வடக்கே ஒன்பது டிகிரி ஐம்பது நிமிடம், கிழக்கே எழுபத்தொன்பது டிகிரி இருபத்தெட்டு நிமிடம் என்று காட்டினால், இவர்கள் "அம்பது, இருபத்தெட்டு" என்பார்கள். அவர்கள் போய்வரும் கடலுக்கு அந்த ஒன்பதும் எழுபத்தொன்பதும் பொது. கல்யாணப் பத்திரிகையில் மண்டபத்தின் விலாசம் போடும்போது யாராவது இந்தியா என்று போடுகிறார்களா? எங்கள் தளம் மட்டும் அந்த எண்களை ஐம்பது டிகிரி, இருபத்தெட்டு டிகிரி என்று எழுத்து மாறாமல் வாசித்தது. கோதுமை வயல் வந்த கதை இதுதான்.

அந்த வரிகளையெல்லாம் தூக்கி எறிந்துவிட்டு, முழுதாக அனுப்பச் சொல்லுங்கள் என்றார் சென்னையில் இருக்கும் என் மேலாளர். நானும் கணக்குப்பிள்ளையிடம் போய்ச் சொன்னேன். அவர் ரொம்ப மரியாதையாகத் தலையாட்டினார், மறுநாளும் அதையேதான் அனுப்பினார். அவர்மேல் கோபப்பட முடியவில்லை. என்ஜின் இரைச்சலுக்கு நடுவே கரகரக்கும் வாக்கிடாக்கியில், எல்லாருக்கும் தெரிந்ததை எவன் கூடுதலாகக் கத்துவான்? கடைசியில் நானே ஒரு விதி எழுதினேன். எண்கள் இப்படிச் சுருக்கமாக வந்தால் முன்னால் ஒரு ஒன்பதையும் ஒரு எழுபத்தொன்பதையும் சேர்த்துக்கொள் என்று. படகுகளெல்லாம் வயலை விட்டுக் கடலுக்குத் திரும்பின. மேலாளர் கட்டைவிரல் படம் ஒன்று அனுப்பினார்.

கீழ் வீட்டுக்காரியின் போனிலும் அந்தச் செயலியைப் போட்டுக்கொடுத்தேன். அதற்குக் காரணம் உண்டு. அவள் கணவர் ஏற்கெனவே ஒருமுறை எல்லை தாண்டியதாகப் பிடிபட்டு, அக்கரைச் சிறையில் இருந்துவிட்டு வந்தவர். மறுபடி பிடிபட்டால் சும்மா விடமாட்டோம், தண்டனைதான் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அதற்குப் பிறகு அவர் கடலுக்குப் போகும் நாளில் அவளுக்குச் சோறு இறங்குவதில்லை. போகாமல் இருக்கவும் வழியில்லை, வேறு தொழில் தெரியாது. புள்ளி கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்பதைப் பார்த்தால் ஒரு வாயாவது சாப்பிடுவாள் என்றுதான் போட்டுக்கொடுத்தேன்.

அன்றும் அவர் கடலுக்குப் போயிருந்த நாள். மத்தியானத்திலிருந்தே தெருவில் ஒரு பேச்சு. நெடுந்தீவுப் பக்கம் இலங்கை நேவி ஏதோ ஒரு படகைப் பிடித்துவிட்டதாம், எந்த ஊர்ப் படகென்று தெரியவில்லையாம். இந்த ஊரில் அப்படி ஒரு பேச்சு கிளம்பினால் ஐஸ் கம்பெனி வாசலிலிருந்து பள்ளிக்கூடம்வரை எல்லார் முகமும் மாறிவிடும். நான் மேலாளரோடு வீடியோவில் பேசிக்கொண்டிருந்தேன். அவள் மாடியேறி வந்து வாசலில் நின்றாள். போனை நீட்டினாள்.

அவள் கணவரின் புள்ளி சிவப்புக் கோட்டைத் தாண்டி, மன்னார் தீவுக்குப் பக்கத்தில் நின்றது.

மேலாளரிடம் அப்புறம் பேசுகிறேன் என்றுகூடச் சொல்லாமல் வீடியோவை மூடினேன். கணக்குப்பிள்ளைக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை. ஊரே அவருக்குத்தான் போட்டுக்கொண்டிருந்திருக்கும். அவளை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, தளத்துக்குள் போய் அவர் அனுப்பிய மூல வரியைத் தேடி எடுத்தேன். 'ரெண்டு, நாப்பது' என்று இருந்தது. என் விதி அதை ஒன்பது டிகிரி இரண்டு நிமிடம் என்று மாற்றியிருந்தது. மன்னார் அங்கேதான் இருக்கிறது.

ஒன்பதுக்குப் பதில் பத்து என்று வைத்தால்? பத்து டிகிரி இரண்டு நிமிடம். கோடியக்கரைக்குத் தெற்கே, கோட்டுக்கு நன்றாக இந்தப் பக்கம்.

அந்த நிமிடம் எனக்குள் நடந்ததை மறைக்காமல் சொல்கிறேன். அது பத்தாகத்தான் இருக்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன். அவள் எதிரே உட்கார்ந்து சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டிருந்தாள். ஒரே ஒரு எண்ணை மாற்றினால் போதும், அவள் திரையில் புள்ளி வீட்டுப் பக்கம் நகர்ந்துவிடும். ஆசைப்பட்டு எண்ணை மாற்றுவதற்குப் பெயர் திருத்தம் இல்லை. அதனாலேயே எனக்கு என் மேலேயே சந்தேகம் வந்தது.

முந்தைய வரிகளைக் கீழிருந்து மேலாகப் பார்த்தேன். காலையில் ஐம்பத்தைந்து. அதற்குப் பிறகு ஐம்பத்தெட்டு. அதற்கப்புறம்தான் இந்த இரண்டு. படகு வடக்கே ஏறிக்கொண்டே போயிருக்கிறது. ஐம்பத்தொன்பதைத் தாண்டினால் கடிகாரம்போலத் திரும்பவும் பூஜ்யத்திலிருந்துதான் தொடங்கும், டிகிரி பத்தாகும். அது ஒன்பதாகவே இருக்க வேண்டுமென்றால், கடைசி இரண்டு வரிகளுக்கு நடுவே இருந்த இரண்டு மணி நேரத்துக்குள் தெற்கே திரும்பிப் பாக் நீரிணையைக் கடந்து, பாம்பன் பாலத்துக்கு அடியில் நுழைந்து அந்தப் பக்கம் போயிருக்க வேண்டும். பஸ்கூட அந்த வேகத்தில் போகாது.

அவளிடம் சொன்னேன். படகு இங்கிட்டுத்தான் இருக்கிறது, புள்ளி போட்ட இடம்தான் தப்பு என்றேன். அவள் உடனே நம்பவில்லை. என் முகத்தையே பார்த்தாள்.

"நான் அழுவேன்னு சொல்றீங்களாக்கா, நெசமாவே அவுக இங்கிட்டுத்தான் இருக்காகளா?"

அவள் பக்கமாகத் திரையைத் திருப்பினேன். ஐம்பத்தைந்து, ஐம்பத்தெட்டு, இரண்டு என்று ஒவ்வொன்றையும் வரைபடத்தில் விரலால் தொட்டுக் காட்டினேன். பாம்பனையும் காட்டினேன். அவள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோல அந்த எண்களை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். மூன்றாவது முறை சொல்லும்போதுதான் தலைப்பைக் கையிலிருந்து விட்டாள்.

மறுநாள் காலையில் படகு கரைக்கு வந்தது. பிடிபட்டதாகச் சொன்ன படகு எந்த ஊருடையது என்று பிறகு தெரிந்தது, அந்த ஊரிலும் ஒரு வீட்டில் யாரோ ஒருத்தி போனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள் என்று நினைத்தபோது எங்கள் சந்தோஷம் பாதியாகிவிட்டது.

விதியை மாற்றி எழுதினேன். முந்தைய புள்ளியோடு ஒட்டிப் பார்த்து டிகிரியை முடிவுசெய்யும்படி வைத்தேன். அப்படியும் முடிவுசெய்ய முடியாவிட்டால் புள்ளிக்குப் பதில் ஒரு கேள்விக்குறி காட்டும். மேலாளருக்கு அந்தக் கேள்விக்குறி பிடிக்கவில்லை. பார்ப்பவர்கள் பயந்துபோவார்கள், உத்தேசமாக ஏதாவது ஒரு புள்ளி வைத்துவிடலாமே என்றார். பார்ப்பவளையே கேட்டுவிடுகிறேன் என்று கீழே போனேன். அவள் மீன் அலசிக்கொண்டிருந்தாள். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டுக் கையைக் கழுவினாள்.

"தெரியலைன்னா தெரியலைன்னே காட்டட்டும்க்கா. அங்கிட்டுப் போயிருந்தாகன்னா அங்கிட்டுன்னே சொல்லிருங்க. எனக்குப் பாவம் பாத்து எதையும் மாத்திராதீங்க."

நான் சரி என்றேன். அந்தச் சரி எவ்வளவு கனமானது என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

சில வாரம் கழித்து ஒரு மத்தியானம் அவர் புள்ளி கோட்டைத் தாண்டி நின்றது. அவள் இன்னும் பார்த்திருக்கவில்லை. மூல வரியை எடுத்தேன். முந்தைய வரிகளோடு சேர்த்துப் பார்த்தேன். கணக்குப்பிள்ளைக்குப் போன் போட்டு எண்ணைத் திரும்பச் சொல்லச் சொன்னேன். எங்கேயாவது ஒரு தப்பு கிடைக்காதா என்று எல்லா வழியிலும் தேடினேன். எண் சரியாகத்தான் இருந்தது. வடிவமும் சரியாகத்தான் இருந்தது. மீன் இருக்கும் பக்கம் வலை இழுத்துக்கொண்டு போயிருக்கிறார்.

கீழே இறங்கிப் போனேன். என் முகத்தைப் பார்த்ததும் அவள் எழுந்து நின்றாள்.

"அங்கிட்டுத்தான்," என்றேன்.

அவள் அழவில்லை. எவ்வளவு தூரம் என்று கேட்டாள், சொன்னேன். "உக்காருங்கக்கா," என்று பாயை விரித்தாள். பொழுது சாய்வதற்குள் புள்ளி இந்தப் பக்கம் வந்துவிட்டது. அதுவரைக்கும் நான் மாடி ஏறவில்லை.