எண்பத்தெட்டு டயா

நிட்டிங் மெஷினில் ஊசி முறிந்து எண்ணெய் கருகும்போதெல்லாம் என் காறை எலும்பு கூசுகிறது. அந்தக் கார் செத்தபோது வந்ததும் இதே வாடைதான்.

மங்கலம் சாலையில் நானும் மாமாவும், அதாவது என் அக்காவின் கணவரும், பத்து மெஷின் ஓட்டினோம். அவர் ஆசைப்பட்டு ஒரு பழைய கார் வாங்கினார். வண்டு போல் கூன் விழுந்த கார். பின்பக்கம் இன்ஜின், தண்ணீரே கிடையாது, காற்றடித்தே குளிரும். ஓடி ஓடித் தேய்ந்து கிடந்தது.

"ஊட்டி ஏறோணும் மாப்ளே. பெரிய சிலிண்டராப் பாத்துப் போடுங்க," என்று என்னிடம் விட்டுவிட்டார்.

தூத்துக்குடிக்கார மெக்கானிக் இரண்டு செட் சொன்னார். டயா, அதாவது விட்டம், எண்பத்தெட்டு மில்லிமீட்டர் என்றால் பழைய துளையிலேயே இறங்கும், ஆனால் சுவர் மெலிசு. தொண்ணூற்றிரண்டு என்றால் சுவர் தடிமன், ஆனால் இன்ஜின் உடலையே கடைந்து துளையைப் பெரிதாக்க வேண்டும்.

"மெலிசு வேண்டாம் அண்ணாச்சி. மலையில சூடேறுனா கோணிரும். பொறவு பிஸ்டனைக் கவ்விப் பிடிச்சிக்கிடும்."

"எங்க மெஷின்ல டயா மாத்தோணும்னா ஊசி நிக்கற சிலிண்டரைத் தூக்கிட்டு வேற வெப்போமுங்க. பாடியில கை வெக்கறதில்லீங்க."

"உங்க மெஷின் பனியன் துணி பின்னுது. இது உள்ளுக்குள்ள வெடிக்கில்லா செய்யுது."

சிரித்தேன். இருபது வருஷமாக டயா மாற்றுகிற கை. மெலிசையே போடச் சொன்னேன். அவர் சொன்னதை மாமாவிடம் சொல்லவில்லை.

மாமா ஓட்ட, மூவரும் ஊட்டி ஏறினோம். பர்லியாறு தாண்டி ஒரு வளைவில் இரும்பு இரும்பைக் கடித்தது. உள்ளிருந்த தண்டு முறிந்து இன்ஜினின் விலாவைக் குத்திக் கிழித்து வெளியே வந்தது. கொதி எண்ணெய் சாலையில் சீறியது. பின்சக்கரங்கள் இறுக, கார் சுழன்று பாறையில் அறைந்தது. பின்சீட்டில் இருந்த அக்காவின் முழங்கை எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெள்ளையாக நின்றது. அவள் அலறவில்லை. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ஒரு வாரம் கழித்துப் பட்டறையில் இன்ஜினைப் பிரித்தார்கள். சிலிண்டர் வட்டமாக இல்லை, முட்டை மாதிரி கோணியிருந்தது. மாமா அதைக் கையில் எடுத்தார்.

"இப்பிடி ஆகும்னு முன்னாடியே தெரியுமுங்களா?" என்று மெக்கானிக்கிடம் கேட்டார்.

"அன்னைக்கே அண்ணாச்சிகிட்ட சொன்னம்லா."

மாமா என் பக்கம் திரும்பினார். "எங்கிட்ட ஏன் மாப்ளே சொல்லலீங்க?"

"நீங்க பயந்துக்குவீங்கன்னு..."

பொய். கார் மெக்கானிக் எனக்கு டயா சொல்லித்தருவதா என்கிற திமிர். மாமாவுக்கும் அது தெரிந்திருக்கும். அவர் கையிலிருந்த சிலிண்டர் என் காறை எலும்பில் இறங்கியது. அதைச் சுற்றியிருந்த கூர்த்தகடுகள் சட்டையோடு சதையைச் சீவின. நான் அவர் பிடரியைப் பிடித்து மேசையில் இருமுறை மோதினேன். மூக்கு நொறுங்கிய சத்தம் கேட்டது. மூன்றாவது முறைக்கும் கை போனது.

"உடுங்க மாப்ளே," என்றார், ரத்தத்தைக் கொப்பளித்தபடி.

"நீங்க மொதல்ல சிலிண்டரை உடுங்க மாமா."

ஒருவரை ஒருவர் கொல்லப் போகும்போதும் இப்படித்தான் மரியாதையாக 'ங்க' போட்டுக்கொண்டிருந்தோம். மெக்கானிக் நடுவில் விழுந்து பிரித்தார்.

மெஷின்களை ஐந்தைந்தாகப் பிரித்துக்கொண்டோம். என் பங்கு லாரியில் ஏறியதும், மூக்கில் பிளாஸ்திரியோடு மாமா கேட் வரை வந்தார்.

"அக்காளப் பாக்கோணும்னா வாங்க மாப்ளே. நான் ஊட்ல இல்லாத நேரமாப் பாத்து வாங்க."